அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் படங்கள் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

எனக்கு 'ஸ்கூல் ஆஃப் ராக்' (2003) வழியாக. டிவியில் பாதியிலிருந்து பார்த்தேன். ஜாக் பிளாக் பண்ணும் அலப்பறைக்காகத்தான் உட்கார்ந்தேன், கண் போனதோ படத்தில் ராக் இசைக்குழுவாக வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் விரல்களுக்கு. கிட்டார் பையனின் இடது கை, கேட்கிற சுரத்துக்குச் சரியான கட்டையில் போய் அழுத்துகிறது. நானும் கொஞ்சம் வாசிப்பவன், சும்மா கையசைத்தால் உடனே கண்ணை உறுத்தும். நிஜமாகவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. இயக்குநர் பெயரைத் தேடியதும் அன்றுதான்.

---

மேலே எழுதியவருக்கு நேர் எதிர் வழி எனக்கு. முதலில் 'ஸ்லாக்கர்'. டெக்சஸ் ஆஸ்டின் தெருக்களில் ஒருவரை விட்டு இன்னொருவர் பின்னால் கேமரா போய்க்கொண்டே இருக்கும். சுமார் 23,000 டாலரில் எடுத்தது. மனிதர் அதற்கு முன் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்து, சேர்த்த காசில் சூப்பர் 8 கேமரா வாங்கியவர். பொய் சொல்வானேன், அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

என்னைப் பிடித்துப் போட்டது 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' (1993). 1976 மே மாதம், பள்ளியின் கடைசி நாள், இரவு முழுக்க கார், பாட்டு, வெட்டிப் பேச்சு. தலைப்பு 'லெட் செப்பலின்' என்ற ராக் இசைக்குழுவின் பாட்டை நினைவூட்டும், ஆனால் அவர்கள் பாட்டு ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. கேட்டும் உரிமை கிடைக்கவில்லை. பத்து வருடம் கழித்து 'ஸ்கூல் ஆஃப் ராக்'குக்காக லிங்க்லேட்டர் அவர்களிடமே மறுபடி போய் நின்றார். இந்தத் தடவை ஜாக் பிளாக்கை மேடையேற்றி, எதிரே இருந்த கூட்டத்தையும் சேர்ந்து கெஞ்சவிட்டு, அதைப் படம்பிடித்து அனுப்பினார்கள். அவர்களுடைய 'இமிக்ரன்ட் சாங்' பாட்டு கிடைத்துவிட்டது. பெரிய ஸ்டுடியோவுக்குப் போனதும் ஆள் மாறிவிட்டார் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டுக்காக இவ்வளவு தூரம் போகிறவர் அதே ஆள்தான்.

---

'பாய்ஹுட்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 2002-ல் தொடங்கி 2013 வரை, அதே பையனை வைத்து வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்த படம். என் மகனோடு பார்த்தேன். எந்த வருடம் என்று திரையில் எழுத்தே வராது. தொடக்கத்தில் கோல்ட்ப்ளேயின் 'யெல்லோ' வந்ததுமே எனக்கு வருடம் பிடிபட்டுவிட்டது. மகனுக்குப் பாட்டெல்லாம் பிடிபடவில்லை, வீடியோ கேம்களை வைத்துக் கணக்குப் போட்டான். பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது!