மறு: ‘எள்ளல்’ போதுமா? ‘இகழ்நகை’ என்றொரு முன்மொழிவு

வணக்கம். ‘டிஸ்பேரேஜ்மென்ட் ஹியூமர்’, அதாவது பிறரை இழிவுபடுத்தும் நகைச்சுவை, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இந்தக் கருத்துக்குப் பதில் இது.

> டிஸ்பேரேஜ்மென்ட் ஹியூமருக்கு ‘எள்ளல்’ என்றே வைத்துவிடலாமே. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

இருக்கிறது. நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலைத்தான் அதன் மெய்ப்பாட்டியல் பகுதி முதலில் வைக்கிறது. ஆனால் அது அகன்ற சொல். அதிகாரத்தில் இருப்பவரை எள்ளலாம், தன்னைத்தானே எள்ளிக்கொள்ளலாம். நாம் பெயர் தேடுவது, பிறப்பாலோ பாலாலோ உடலாலோ ஒரு கூட்டத்தையே கீழிறக்கிச் சிரிக்கவைக்கும் பேச்சுக்கு.

‘கேலி’, ‘கிண்டல்’ இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். “சும்மா கேலிக்குத்தானே சொன்னேன்” என்று சொன்னவர் நழுவும் வாசல் அந்தச் சொற்களிலேயே திறந்திருக்கிறது. அந்த வாசலைத்தான் இவ்வகை நகைச்சுவை பற்றிய உளவியல் ஆராய்கிறது.

உளவியலாளர்கள் தாமஸ் ஃபோர்டும் மார்க் ஃபெர்குசனும் 2004இல் முன்வைத்த ‘பிரெஜுடிஸ்ட் நார்ம் தியரி’ என்ற கோட்பாட்டின்படி, இத்தகைய நகைச்சுவை தப்பெண்ணத்தைப் புதிதாக விதைப்பதில்லை. தப்பெண்ணம் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு, ‘இங்கே வெளிக்காட்டினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்’ என்ற துணிச்சலைத் தருகிறது. ஃபோர்டு குழுவினரின் 2008 ஆய்வு இன்னும் கூர்மையானது. பெண்கள்மீது பகைமை நிறைந்த பார்வை கொண்ட ஆண்கள், பெண்களை இழிவுபடுத்தும் துணுக்குகளைப் படித்தபின் ஒரு பெண்கள் அமைப்புக்குக் குறைவான நன்கொடை தரவே முன்வந்தார்கள். அதே இழிவைச் சிரிப்பில்லாமல் நேராகச் சொன்ன வாக்கியங்களுக்கு அந்த விளைவு இல்லை. படித்த நாள் முதல் என்னை உறுத்துவது இதுதான்: வேலையைச் செய்தது சிரிப்பு. ஆகவே சொல்லில் இகழ்ச்சியும் வேண்டும், நகையும் வேண்டும்.

‘வசைநகை’ பொருந்தாது. வசை வெளிப்படையானது, கேட்டதும் எதிர்க்கத் தோன்றும்.

‘இகழ்நகை’ என்கிறேன். “நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி” என்ற குறளில் (995) இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. ‘முரண்நகை’ (ஐரனி) பழகிய காதுக்கு இதுவும் அந்நியமாக இராது. ‘இகழ்நகைச்சுவை’ என்று நீட்டவேண்டாம். இலக்காகிறவருக்கு அதில் சுவை ஏது?

புன்னகைபோல இதையும் முகக்குறிப்பாக, ஏளனச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு என்பது உண்மை. முதலில் வரும் இடத்தில் ஒருவரி விளக்கம் தந்தால் தீரும்.

தீராதது, ஃபோர்டு–ஃபெர்குசன் கோட்பாட்டின் பெயரில் வரும் ‘நார்ம்’, அதாவது எது ஏற்கத்தக்கது என்று ஒரு குழுவுக்குள் நிலவும் எழுதாத புரிதல். ‘நெறி’ என்றால் நல்வழி என்று தொனிக்கிறது, தப்பெண்ணத்தோடு ஒட்டவில்லை. ‘வழமை’யில் ‘இதற்கு இங்கே ஒப்புதல் உண்டு’ என்ற பொருள் வரவில்லை. சமூகவியல் கற்பிக்கிறவர்கள் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள்?