இறந்த குழந்தை சம்மனசு ஆகுமா?

மஞ்சக்குப்பம்வாசி:
போன வாரம் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஐந்து வயதுப் பெண் குழந்தை. தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அந்தப் பிள்ளையின் படத்துக்கு இரண்டு சிறகு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தாயிடம், "அழாதேம்மா, உன் பொண்ணு சம்மனசாயிட்டா" என்றார்கள். சம்மனசு என்றால் தேவதூதர். நான் கடலூரில் லுத்தரன் சபையில் வளர்ந்தவன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேதத்தில் எந்த மனிதரும் இறந்து தேவதூதர் ஆனதில்லை. தூதர்கள் தனிப் படைப்பு. எபிரெயர் முதல் அதிகாரம் அவர்களைப் 'பணிவிடை ஆவிகள்' என்கிறது. யாருக்குப் பணிவிடை? இரட்சிப்பைப் பெறப்போகும் மனிதருக்கு. சிறகும்கூட கேருபீன்கள், சேராபீன்கள் என்ற பரலோக ஜீவன்களுக்குத்தான் விவரித்திருக்கிறது. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்கள் மனுஷராகவே வந்து, மரத்தடியில் சாப்பிட்டுப் போனார்கள். இந்தத் தவறைச் சபைகளில் திருத்த வேண்டாமா?

நெல்லித்தோப்பு அக்கா:
தம்பி, மத்தேயு 22:30-ஐ விட்டுவிட்டீர்களே. உயிர்த்தெழும்போது மனிதர்கள் வானதூதரைப் போல் இருப்பார்கள் என்று சொன்னது ஆண்டவர். லூக்காவில் வானதூதருக்கு இணையானவர்கள் என்றே இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் சாமியார் கறுப்பு உடுப்பு போட மாட்டார், வெள்ளைதான். அந்த வழக்கத்தில் வந்த வார்த்தை இது. பெற்ற வயிறு எரியும்போது யாரும் எபிரெயர் நிருபத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பதில்லை.

மஞ்சக்குப்பம்வாசி:
அக்கா, அது உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் என்ற யூதப் பிரிவினருக்குச் சொன்ன பதில். ஏழு சகோதரரை ஒருவர் பின் ஒருவராக மணந்தவள், உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று கேட்டார்கள். அங்கே கொள்வினை கொடுப்பினை இல்லை, சாவும் இல்லை, அந்த வகையில் தூதரைப் போல. 'போல்' என்றாலே அதுவல்ல என்றுதானே பொருள்? தூதர்களையும் நாம் நியாயந்தீர்ப்போம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். பிள்ளையைத் தூதர் ஆக்குவது உயர்த்துவது இல்லை, இறக்குவது.

வெள்ளிக்கடற்கரை:
இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். 2004-இல் நாங்கள் தேவனாம்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயதுத் தம்பியைக் கடல் கொண்டுபோனது. முதல் நாள் போட்ட புதுச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அதோடுதான் தூங்கினான். அம்மாவிடமும் இதையேதான் சொன்னார்கள். "எனக்குச் சம்மனசு வேண்டாம், என் பிள்ளைதான் வேணும்" என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அக்கா, ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது அம்மாவுக்குப் பிள்ளையை இரண்டாம் தரம் பறிகொடுத்தது போல இருந்தது.

ரொம்ப நாள் கழித்து ஒரு வயதான ஐயர், சபைப் போதகர், வீட்டுக்கு வந்து இரண்டாம் சாமுவேல் 12 வாசித்தார். பிள்ளை செத்ததும் தாவீது, நான் அவனிடத்துக்குப் போவேன், அவன் என்னிடத்துக்குத் திரும்பி வரப்போவதில்லை என்கிறான். அம்மா பிடித்துக்கொண்டது அந்த 'அவனிடத்துக்கு' என்ற சொல்லைத்தான். அவன் அவனாகவே இருக்கிறான். அப்புறம் வெளிப்படுத்தல் 21: புதிய வானம், புதிய பூமி, சமுத்திரமும் இல்லாமற் போயிற்று. அங்கே கடல் என்பது குழப்பத்துக்கு அடையாளம், 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் அதிலிருந்துதானே வருகிறது என்று விளக்குவார்கள். சரி, இருக்கட்டும். அம்மா அந்த வசனத்தை அப்படியே நேராக எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

நெல்லித்தோப்பு அக்கா:
தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மனிதர் சம்மனசாக மாறுவார் என்று எங்கள் திருச்சபையும் போதிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சம்மனசை அந்த வீட்டிலிருந்து ஒரேயடியாக வெளியே அனுப்பவும் எனக்கு மனமில்லை. லூக்கா 16-இல் ஏழை லாசர் இறந்ததும் வானதூதர்கள்தான் அவனை ஆபிரகாமின் மடிக்குத் தூக்கிப்போகிறார்கள். சின்னப் பிள்ளைகளுடைய தூதர்கள் பிதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் ஆண்டவர் சொன்னார். காவல் சம்மனசிடம் மன்றாடுவதை நான் விடமாட்டேன்.

மஞ்சக்குப்பம்வாசி:
மன்றாடுவதில் நான் ஒத்துப்போக மாட்டேன் அக்கா, ஜெபம் தேவனிடம் மட்டும்தான். லாசருவைச் சொன்னது சரி. வெள்ளிக்கடற்கரை அண்ணே, 'திருத்த வேண்டாமா' என்று நான் கேட்டது அடக்க வீட்டில் நின்று திருத்துவதை அல்ல. பேனர் அடிப்பதற்கு முன்னாலேயே, ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டியது அது.

நெல்லித்தோப்பு அக்கா:
அந்தப் பெண் குழந்தையின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. முப்பதாம் நாள் பூசைக்குப் போவேன். சம்மனசாயிட்டா என்று சொல்லமாட்டேன். சம்மனசுங்க கையில பத்திரமா போனா, நீ போறப்ப உன் பொண்ணாவே இருப்பா என்று சொல்வேன்.