மோதிரம் ஓடையிலா, தோட்டத்திலா?

குழு: அம்மாபேட்டை வீடு

ஞாயிறு

செல்வி அத்தை (இரவு 8:12): வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் அம்மாவின் மோதிரம் என் விரலில் இல்லை. யாராவது பார்த்தீர்களா

வாணி சித்தி: ஐயோ

அம்மா: எந்த மோதிரம் அண்ணி? சிவப்புக்கல்லா?

செல்வி அத்தை: அதுதான். தோட்டத்து முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கும்போது இருந்தது. மஞ்சள் அரைத்தபோது பார்த்தேன்.

ரமேஷ் அண்ணன்: வேன் சீட்டுக்கு அடியில் பாருங்கள் அத்தை

தனபால் மாமா: கால்மிதியை எல்லாம் தூக்கிப் பார்த்தாயிற்று. இல்லை.

அம்மா: அண்டாவை ஓடையில் சாம்பல் போட்டுத் தேய்த்தீர்களே. அப்போது?

செல்வி அத்தை: நினைவில்லை. அப்புறம் மிளகுக் கொடி பார்க்கக் காப்பிச் செடிக்குள் வேறு போனேன்.

தனபால் மாமா: வரும் வழியில் ஏழாவது கொண்டை ஊசியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாள். அதையும் கணக்கில் வையுங்கள்.

பெரியப்பா: தோட்டத்தில் போனது தோட்டத்திலேயே இருக்கும். காலையில் மாரியைத் தேடச் சொல்கிறேன்.

பெரியப்பா: அந்த அண்டா இப்போது யார் வீட்டில்?

வாணி சித்தி: எங்கள் வீட்டில் இல்லை

அம்மா: கறிப் பங்கு இன்னும் இரண்டு பொட்டலம் இங்கே ஃபிரிட்ஜில் இருக்கிறது. யாருடையது?

ரமேஷ் அண்ணன்: போனில் மெட்டல் டிடெக்டர் ஆப் இருக்கிறது. இப்போதே இறக்கினேன். கேட் பக்கத்தில் கொண்டுபோனால் கத்துகிறது. நாளைக்கே போய்ப் பார்க்கலாம்.

பிரியா: சூப்பர் அண்ணா

சேகர் சித்தப்பா (8:51): ரமேஷ், அந்த ஆப்பை நம்பிப் பெட்ரோலைச் செலவழிக்காதே. போனுக்குள் திசைகாட்டிக்காக ஒரு காந்த உணரி இருக்கிறது. ஆப் அதைத்தான் படிக்கிறது. இரும்பு பக்கத்தில் வந்தால் காந்தப்புலம் மாறும், ஆப் கத்தும். கேட் இரும்பு, அதனால் கத்தியது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. தங்கம் அதன் மேலேயே கிடந்தாலும் போனுக்குத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் வீட்டில் யார் மோதிரத்தின் மேலாவது போனை வைத்துப் பார். இதே காரணத்தால், கயிற்றில் காந்தத்தைக் கட்டி ஓடையில் இழுக்கலாம் என்று யாரும் கிளம்பவும் வேண்டாம்.

தனபால் மாமா: நான் அதைத்தான் சொல்ல வந்தேன் மாப்பிள்ளை

ரமேஷ் அண்ணன்: சோதித்தேன். கத்தவில்லை.

கோகுல்: மாமா, நான் பெங்களூரில் இருந்தே ஒரு மெஷின் வாங்கி வருகிறேன். எதை வாங்கட்டும்? தண்ணீரிலும் வேலை செய்ய வேண்டும், தரையிலும் வேலை செய்ய வேண்டும்.

செல்வி அத்தை: வேண்டாம் சாமி. மோதிரத்தைவிட மெஷின் விலை அதிகமாக இருக்கும்.

கோகுல்: அம்மா நீங்கள் சும்மா இருங்கள்

சேகர் சித்தப்பா (9:20): ஸ்டீல் பிளான்ட்டில் கருவிப் பிரிவில் இருந்த பழக்கத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கோகுல் முழுக்கப் படி. கையில் பிடித்துத் தரையில் வீசும் மெஷினின் அடியில் தட்டு மாதிரி இருப்பது காயில், அதாவது கம்பிச் சுருள். அது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைக் கீழே அனுப்பும். உலோகத்தில் அது பட்டதும் உள்ளே சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்புவதைக் காயில் கேட்டுக்கொள்ளும். அதனால் தங்கம், வெள்ளி, அலுமினியம் எல்லாமே கேட்கும்.

முதல் சிக்கல் தண்ணீர். பல மெஷின்களில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக்கூடாது. மைன்லேப் கம்பெனி வான்குவிஷ், கேரட் கம்பெனி ஏஸ் எல்லாம் அந்த வகை. முழங்கால் தண்ணீருக்கு அது போதுமே என்று தோன்றும். ஆனால் நம் ஓடைப் பாறையில் பாசி எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? ஒரு முறை வழுக்கினால் பெட்டி போயிற்று. அதனால் முழுதாக முங்கினாலும் தாங்குவது வேண்டும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் ப்ளஸ், மைன்லேப் எக்வினாக்ஸ் 800, கேரட் ஏடி ப்ரோ மூன்றும் சுமார் 3 மீட்டர் தண்ணீர் தாங்கும். நம் ஓடைக்கு 3 அடியே அதிகம்.

கடல் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், மெஷினைக் குழப்பும். நம்முடையது நல்ல தண்ணீர், அந்தத் தொல்லை இல்லை. நமக்குத் தொல்லை மண்.

பெரியப்பா: மண்ணுக்கு என்ன

சேகர் சித்தப்பா: அண்ணா, நம் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகப் போனது நினைவிருக்கிறதா? அந்தச் செம்மண் முழுக்க இரும்புத் துரு. அப்படிப்பட்ட மண் தானே ஒரு உலோகம் மாதிரி குரல் கொடுக்கும். ஓடைப் படுகையில் கறுப்பு மணல் இருந்தால் அதுவும் அப்படித்தான். அந்தச் சத்தத்தைக் கழிக்க மண்ணுக்கு ஏற்ற மாதிரி மெஷினைச் சரி செய்யும் வசதி வேண்டும். கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். ஏஸ், வான்குவிஷ் இரண்டிலும் அதை நாமே திருகிச் சரி செய்ய முடியாது. சிம்ப்ளெக்ஸில் முடியும். எக்வினாக்ஸில் முடியும்.

பிரியா: சித்தப்பா இதைப் பிடிஎஃப் ஆகவே போட்டுவிடலாம்

வாணி சித்தி: நான் தினமும் இப்படித்தான் கேட்கிறேன் பிரியா. இட்லி மாவுக்கும் இதே விளக்கம்.

அம்மா: 😀

பெரியப்பா: (காணொளி பகிரப்பட்டது) இதைப் பாருங்கள். 30 அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தை நின்ற இடத்தில் இருந்தே காட்டுகிறது.

சேகர் சித்தப்பா: அண்ணா, அது ஏமாற்று. இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், கம்பி தானாகத் திரும்புகிறது என்கிறான். நல்ல மெஷினே ஒரு காசு அளவு பொருளை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண் ஆழம் வரைதான் கேட்கும். நமக்கு அதுவே போதும். இன்று விழுந்தது நாலு விரல்கூடக் கீழே போயிருக்காது.

பெரியப்பா: எப்படியும் மெஷின் வருகிறது. அந்தப் பலா மரத்தடியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

ரமேஷ் அண்ணன்: அப்பா

தனபால் மாமா: ஆரம்பித்துவிட்டாரா செப்புக் குடத்தை

பெரியப்பா: எங்கள் அப்பாரு வெள்ளி ரூபாய் போட்டுப் புதைத்தது உண்மை. அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறது.

அம்மா: என்னிடமும் அத்தை சொன்னது. ஆனால் பலா மரம் இல்லை, கிணற்றடி.

வாணி சித்தி: எனக்குச் சொன்னது மாட்டுக் கொட்டகை

சேகர் சித்தப்பா: புதையல் சட்டம் 1878-இல் வந்தது, இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்பில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த நிலம் என்றாலும்தான். குடம் வேலையை இதில் சேர்க்க வேண்டாம் அண்ணா. மோதிரம் நாம் தொலைத்தது, நாம் தேடுகிறோம். அவ்வளவுதான்.

பெரியப்பா: சொந்த நிலத்தில் தேடக் கலெக்டரா

செல்வி அத்தை: நிலம் உங்களுடையதுதான் அண்ணா. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே. அந்தத் தோட்டத்து வீட்டில் இருந்து எனக்கு வந்தது மோதிரம் ஒன்றுதான்.

(பெரியப்பா அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: கறிப் பொட்டலம் யாருடையது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

திங்கள்

ரமேஷ் அண்ணன் (காலை 7:05): மண்டபத்து செக்யூரிட்டி கையில் வைத்திருக்கும் குச்சி மெஷின் ஒன்று இரண்டு நாளைக்குக் கிடைக்கும். ஆகுமா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: ஆகும், ஆனால் தேடுவதற்கு இல்லை. அது பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும், தண்ணீரும் ஆகாது. பெரிய மெஷின் சத்தம் கொடுத்த இடத்து மண்ணை வாரி ஒரு பிளாஸ்டிக் முறத்தில் போட்டு, அதன் மேல் இந்தக் குச்சியை ஓட்டினால் மோதிரம் அந்த மண்ணில் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரியும். தகர முறம் வேண்டாம். வாங்கி வை.

பெரியப்பா: மாரி போன் செய்தான். ஓடையில் ஒரு மணி நேரம் கையால் துழாவினானாம். ஒன்றும் இல்லை.

சேகர் சித்தப்பா: போதும் என்று சொல்லுங்கள் அண்ணா. துழாவினால் இன்னும் கீழே போகும். நகைத் தங்கம் தண்ணீரைவிடச் சுமார் பதினேழு மடங்கு கனம், ஓடைக் கல் இரண்டரை மடங்குதான். கலக்கினால் கல் மேலே நிற்கும், தங்கம் அடியில் இறங்கும். அதே கனத்தால் அது ஓட்டத்தில் தூரமும் போயிருக்காது. விழுந்த இடத்தில் அல்லது அடுத்த கல்லின் பின்னால் இருக்கும்.

கோகுல்: மாமா, சிம்ப்ளெக்ஸ் விலை ஒரு நல்ல செல்போன் அளவு. எக்வினாக்ஸ் ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது. இங்கே ஒரு நண்பரின் நண்பரிடம் சிம்ப்ளெக்ஸ் இருக்கிறது, வாடகைக்குத் தருகிறார். அது போதும்தானே?

சேகர் சித்தப்பா: முழு மோதிரத்துக்குத் தாராளமாகப் போதும். மோதிரம் வட்டமான கம்பி, மின்னோட்டம் சுற்றி ஓடும், நல்ல சத்தம் வரும். சங்கிலி என்றால்தான் கஷ்டம், கண்ணி கண்ணியாகத் தனித்தனிச் சிறு துண்டாகத் தெரியும்.

செல்வி அத்தை (7:40): தம்பி, அது முழு மோதிரம் இல்லை

சேகர் சித்தப்பா: அப்படி என்றால்?

செல்வி அத்தை: அம்மாவுக்குக் கடைசியில் கை வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதைப் பற்றவைக்கவே இல்லை. ஆசாரி கேட்டார், எனக்கு மனசு வரவில்லை. வெட்டுப்பட்ட இடம் விரலைக் குத்தாமல் இருக்க மஞ்சள் நூல் சுற்றிப் போட்டிருந்தேன். சாம்பலும் தண்ணீரும் பட்டு நூல் தளர்ந்திருக்கும்.

பிரியா: அத்தை 🙏

வாணி சித்தி: எனக்கு இது தெரியாது அண்ணி

பெரியப்பா: எனக்கும் தெரியாது

பெரியப்பா: நீ அம்மா கையில் இருந்து கழற்றிக்கொண்டாய் என்றுதான் நான் இத்தனை வருடமும்

பெரியப்பா: சரி விடு

தனபால் மாமா: மச்சான், அவள் சொல்ல வேண்டாம் என்றாள். அதனால் நானும் சொல்லவில்லை.

சேகர் சித்தப்பா (8:02): அக்கா, இதை இப்போது சொன்னது நல்லது. மெஷின் கணக்கே மாறுகிறது. வட்டம் வெட்டுப்பட்டால் மின்னோட்டம் சுற்றி ஓட வழி இல்லை. முக்கால் பவுன் தங்கம்கூட ஒரு துண்டுக் கம்பி மாதிரி மெல்லிய சத்தம்தான் கொடுக்கும். சிம்ப்ளெக்ஸ் ப்ளஸ் 12 கிலோஹெர்ட்ஸ் ஒரே அலைவரிசையில் வேலை செய்வது. சின்னத் தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை நல்லது. எக்வினாக்ஸ் 800 பல அலைவரிசையை ஒரே நேரத்தில் அனுப்பும், தனியாக 40 கிலோஹெர்ட்ஸ் வரையும் போகும். செம்மண்ணையும் நன்றாகச் சமாளிக்கும். கோகுல், எக்வினாக்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரி. கிடைக்காவிட்டால் சிம்ப்ளெக்ஸையே கொண்டு வா, மெதுவாக வீசுவோம்.

இன்னொன்று. என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் எண் காட்டும். தங்க மோதிரமும், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வரும். வெட்டுப்பட்டது என்றால் இன்னும் கீழே. குப்பை எண் என்று ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவோம். இரும்பை மட்டும் கழித்துவிட்டு, சந்தேகமான சத்தம் ஒவ்வொன்றையும் தோண்ட வேண்டும். நூறு வெள்ளித்தாள் வரும். வரட்டும்.

தேடுகிறவர்கள் வளையல், சாவிக்கொத்து, போன் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்பில் இருந்த குண்டைத் தேட டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவி கொண்டு போனார். கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள் குழப்பி, குண்டு கிடைக்கவில்லை என்பார்கள்.

வாணி சித்தி: ஜனாதிபதி என்ன ஆனார்

சேகர் சித்தப்பா: இறந்துவிட்டார்

வாணி சித்தி: காலையில் இதையா சொல்வது

அம்மா: ராஜி பெண்ணுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, தாரமங்கலம் பக்கம். யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

தனபால் மாமா: என்ன நட்சத்திரம்

அம்மா: ரோகிணி. பையன் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டையில்.

ரமேஷ் அண்ணன்: அந்தக் குடும்பம் எனக்குத் தெரியும். தனியாகப் பேசுகிறேன் சித்தி.

கோகுல்: எக்வினாக்ஸுக்கு ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை தெரியும். எதுவானாலும் சனி இரவு வந்துவிடுவேன்.

பெரியப்பா: ஞாயிறு எனக்குக் கல்யாணம் இருக்கிறது. சனிக்கிழமை போகலாமே.

கோகுல்: சனி ஆபீஸ் பெரிய மாமா

சேகர் சித்தப்பா: போகும் முன் வீட்டுக் கொல்லையில் பழக வேண்டும். வாணி, உன் பழைய கம்மல் கொக்கி ஒன்று கொடு. நாலு விரல் ஆழத்தில் புதைத்து எப்படிச் சத்தம் வருகிறது என்று காது பழகினால்தான் அங்கே தெரியும்.

வாணி சித்தி: அதையும் தொலைத்துவிட்டுத் தேடுவதற்கா? கொடுக்கமாட்டேன்.

அம்மா: என்னிடம் உடைந்த கம்மல் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

சேகர் சித்தப்பா: அக்கா, ஒன்றே ஒன்று நன்றாக யோசித்துச் சொல். அண்டா தேய்த்தபோது எந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தாய்? அதைச் சுற்றி நாலு முளை அடித்து, கயிறு கட்டி, இரண்டடி இரண்டடியாகப் பாத்தி பிரித்துப் பார்த்துக்கொண்டே போவோம். வீச்சு ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி வர வேண்டும். எந்த மெஷின் வந்தாலும் இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செல்வி அத்தை (8:47): அம்மா துணி துவைக்கும் தட்டைக் கல். அதன் மேல்தான். அண்டாவைக் கிழக்குப் பக்கம் சாய்த்திருந்தேன்.

பெரியப்பா: கிழக்கில் தண்ணீர் இல்லையே. நீ மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நான் அடுப்புக் கல்லைப் பிரித்துக்கொண்டு இருந்தேன், பார்த்தேன்.

செல்வி அத்தை: அப்படியா அண்ணா

பெரியப்பா: ஆமாம். கல்யாணத்துக்கு உங்கள் அண்ணி போகட்டும். நான் வந்து இடத்தைக் காட்டுகிறேன். மாரியிடம் அந்தக் கல் பக்கம் யாரையும் துவைக்க விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரமேஷ் அண்ணன்: அப்படியானால் ஞாயிறு உறுதியா?

கோகுல்: மெஷின் வந்தால்

தனபால் மாமா: வேன் சொல்லவா, பஸ்ஸிலேயே போய்விடலாமா?

அம்மா: அண்டா மாடிப்படிக்கு அடியில் இருந்தது. எங்கள் வீட்டில்தான்.