ஆனந்த் கார்ல்சன் 2013 சென்னை உலக செஸ் சாம்பியன்ஷிப் 4வது கேம்: ஏ2 சிப்பாய வெட்டுன பிஷப் ஏன் மாட்டல?

பெர்லின் டிஃபென்ஸ் (கறுப்பு ஆடுற ஒரு ஓபனிங்) கத்துக்கிறதுக்காக இந்த கேம போர்டுல போட்டுப் பாத்தேன், ஆனந்த் வெள்ளை, 64 மூவ்ல டிரா. 18வது மூவ்ல கார்ல்சன் பிஷப்ப விட்டு ஏ2 சிப்பாய வெட்டுறார், ஆனந்த் உடனே பி3 போட்டு வழிய அடைக்கிறார். 1972 உலக சாம்பியன்ஷிப்ல ஸ்பாஸ்கிகிட்ட ஃபிஷர் இப்படித்தானே எச்2 வெட்டி பிஷப்ப பறிகொடுத்தார்? இங்க எப்படி தப்பிச்சுது? அப்புறம் 8வது மூவ்லயே குயின் மாறி கறுப்புக்கு காஸ்லிங்கும் (ராஜாவ யானையோட சேத்து ஓரமா ஒதுக்குறது) போகுது, இத ஏன் பெரிய பிளேயர்ஸ் நம்பி ஆடுறாங்க?

பதில் 1:
தம்பி, காப்பாத்துனது அந்த சி சிப்பாய்தான். பெர்லின்ல கறுப்புக்கு சி ஃபைல்ல டபுள் சிப்பாய் (ஒரே வரிசைல ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணு) விழும், அது குறைதான், ஆனா கார்ல்சன் அதுல முன்னாடி நின்னத 14வது மூவ்ல சி5, 19வதுல சி4னு தள்ளி பி3யவே வெட்டிட்டார், வெள்ளை திருப்பி வெட்டுனதும் பிஷப் பி1 போய் எஃப்5 வழியா வெளிய வந்துருச்சு. ஆனந்த் ராஜா ஜி1ல, ரொம்ப தூரம். ஃபிஷரும் எச் சிப்பாய தள்ளிப் பாத்தார், ஆனா ஸ்பாஸ்கியோட ராஜா பக்கத்துலயே இருந்துச்சு, ரெண்டு சிப்பாய்க்கு பிஷப் போச்சு.

பதில் 2:
ஓபனிங் பத்தி நான் சொல்றேன். குயின் இல்லாததால நடுவுல நிக்கிற ராஜாவ துரத்தி அடிக்கிறது கஷ்டம், கறுப்புக்கு ரெண்டு பிஷப்பும் இருக்கு. ஆனா எல்லா காயையும் மாத்திறாதீங்க, வெறும் சிப்பாய் எண்ட்கேம் ஆனா ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலுக்கு மூணு, அங்க பாஸ்டு பான் (எதிராளி சிப்பாய் தடுக்க முடியாத சிப்பாய்) வந்துரும். 2000ல லண்டன்ல கிராம்னிக் காஸ்பரோவுக்கு எதிரா நாலு கேம் இத ஆடி நாலும் டிரா, உலக சாம்பியன் பட்டமும் அவருக்கே. அதுக்கப்புறம்தான் எல்லாரும் இத எடுத்தாங்க.

பதில் 3:
பிஷப் தப்பிச்சதோட நிறுத்திறாதீங்க, அதுக்கு மேலதான் ஆட்டமே. ஒரு சிப்பாய் கம்மியா இருந்தும் ஆனந்த் 33வது மூவ்ல இ6 தள்ளி சிப்பாய மாத்துறார், 35ல குதிரைய இ4ல வச்சு ஜி4 சிப்பாய செக்கோட விட்டுத் தர்றார், இப்ப ரெண்டு சிப்பாய் கம்மி. ஆனா அந்த இ சிப்பாய் 46வது மூவ்ல இ7 வந்து உக்காந்துருச்சு, 58வது மூவ்லதான் கார்ல்சனால அத வெட்ட முடிஞ்சுது. கடைசில கறுப்புக்கு யானையும் பி6 சிப்பாயும், வெள்ளைக்கு யானையும் அதுக்கு நேர் எதிர்ல பி3ல ராஜாவும். 33வதுல இருந்து இன்ஜின (செஸ் கம்ப்யூட்டர் புரோகிராம்) ஆஃப் பண்ணிட்டு நீங்களே யோசிச்சு ஓட்டிப் பாருங்க, எங்க முழிக்கிறீங்கனு இங்க வந்து சொல்லுங்க.