செந்தூல் பக்கம் வங்க மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். மேல் மாடிக்கு வங்காளதேசத் தொழிலாளர்கள் சிலர் குடிவந்ததிலிருந்து புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புகைச்சல். லிப்டில் எச்சில் கிடந்தாலும் அவர்கள்தான், செருப்பு காணாமல் போனாலும் அவர்கள்தான். அதிகம் கொதிப்பது நம்மவர்களே. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரம் பார்த்து வயிறெரிந்தவர்கள்தாம் இவர்களும்!

பக்கத்து வீட்டு மாமா மட்டும் அடங்கிவிட்டார். லிப்ட் கெட்ட அன்று அவருடைய கேஸ் தோங்கை (சிலிண்டரை) அந்த மேல் மாடிப் பையன் ஒருவன் தூக்கி வந்திருக்கிறான். இருவரும் படியிலேயே உட்கார்ந்து, அரைகுறை மலாயில் ஏஜெண்டுக் கடன், இன்னும் முகம் பார்க்காத மகள் என்று பேசியிருக்கிறார்கள். "நம்ம தாத்தா கதையேதாம்மா. அப்போ தோட்டத்துக்கு ஆள் பிடிச்ச கங்காணிக்குப் பதிலா இப்போ ஏஜெண்டு" என்றார்.

அமெரிக்காவில் டேரில் டேவிஸ் என்ற கறுப்பினப் பியானோ கலைஞர், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசியே பலரை அந்த அமைப்பிலிருந்து விலக வைத்தார். நமக்கு லிப்ட் எச்சில்தானே பிரச்சினை!

ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) அறையில் ஒரு தேநீர்ச் சந்திப்பு வைக்கலாம் என்றிருக்கிறேன். மேடை, மாலை, ஒய்பி (மக்கள் பிரதிநிதி) உரை எதுவும் கிடையாது. வங்க மொழியும் மலாயும் தெரிந்த ஒருவர் தேவை. இப்படி நடத்திய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: முதல் கேள்வியை யார் கேட்பது நல்லது? சண்டைக்கென்றே வருபவரை எப்படிச் சமாளிப்பது? சாப்பாட்டைச் சைவமாகவே வைத்துவிடலாமா? ஞாயிறு அவர்களில் பலருக்கு ஓவர்டைம், அதனால் நேரமும் யோசித்துச் சொல்லுங்கள்.