மறு: செஸ்ட் ட்யூப்: நெஞ்சுக்குழாயா, விலாக்குழாயா?

அனைவருக்கும் வணக்கம். முதுகுத்தண்டு வளைவு அறுவைக்கு வருகிறவர்களுக்காக நாம் எழுதும் கையேட்டில், நுரையீரலைச் சுற்றித் தங்கும் காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றும் ‘செஸ்ட் ட்யூப்’ குழாய்க்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> மார்புக்குழாய், நெஞ்சுக்குழாய் இரண்டுமே எளிமையாக இருக்கின்றன. ஒன்றை முடிவு செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

ஐயா, இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, வளைவு 45, 50 பாகையைத் தாண்டி அறுவைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்பிள்ளைகள். “மார்பில் குழாய் இருக்கும்” என்று படித்தால் அந்தப் பிள்ளை கூசிப்போவாள், அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். ‘நெஞ்சு’ என்றாலோ நம் ஊரில் இதயம்தான். நெஞ்சுவலி என்றால் மாரடைப்பு. முதுகு ஆபரேஷனுக்கு உள்ளே போன பிள்ளை நெஞ்சில் குழாயோடு வெளியே வந்தால், உள்ளே ஏதோ விபரீதமாகிவிட்டது என்றுதான் பெற்றவர்கள் பதறுவார்கள்.

குழாய் உண்மையில் இருக்கும் இடம் விலா. அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே தனியாக ஒரு சிறு துளையிட்டு உள்ளே விட்டு, நழுவாமல் தோலோடு தையல் போட்டிருப்பார்கள். நம் மருத்துவமனைகளில் ‘ஐசிடி’ என்று சொல்கிறார்களே, அந்த மூன்றெழுத்தின் விரிவும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட வடிப்பு என்பதுதான். ஆகவே என் முன்மொழிவு: பேச்சுக்கும் கையேட்டுக்கும் விலாக்குழாய். மருத்துவக் குறிப்பில் முழுமையாக எழுத வேண்டிய இடத்தில் விலாவிடை வடிகுழாய். ‘விலா’வை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விலா நோகச் சிரிக்காதவர் உண்டா?

‘வடி’ ஏன் வேண்டும் என்று சென்ற மடலில் ஓர் அம்மா கேட்டிருந்தார். குழாய் என்றதும் குளுக்கோஸ் போல எதையோ உள்ளே ஏற்றுகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். இது வெளியேற்றும் குழாய். முதுகின் பின்புறம் திறந்து கம்பி வைக்கும் வழக்கமான அறுவையில் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை. விலாப்புறமாக நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்து முள்ளெலும்புகளை அடையும்போது, அந்தப் பக்கத்து நுரையீரலைச் சற்று நேரம் சுருங்க வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுச் சுவருக்கும் இடையில் காற்றும் ரத்தமும் தங்கும். அவை வடிந்தால்தான் நுரையீரல் முழுதாக விரியும். கையேட்டின் முதல் வரியிலேயே “இந்தக் குழாய் திட்டமிட்டு வைப்பது” என்று போடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

> குழாய் வந்து வடியும் பெட்டியில் தண்ணீர் மூச்சுக்கேற்ப ஏறி இறங்குவதை ‘ஊசல்’ எனலாம்.

பொருள் சரி, இடம் சரியில்லை. ‘உயிர் ஊசலாடுகிறது’ என்று பேசிப் பழகிய வாய் நமக்கு. கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் தாயின் காதில் இந்தச் சொல் விழவே கூடாது. மூச்சலை என்று வைப்போம். தண்ணீர் அப்படி அலைவது நல்ல அறிகுறி. குழாய் அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். நுரையீரல் முழுதாக விரிந்தபின் அலைவு தானே அடங்கும். திடீரென்று நின்றால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று செவிலியர் பார்ப்பார். தண்ணீர்ப் பகுதியில் விடாமல் குமிழி வந்தால் எங்கோ காற்றுக்கசிவு இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். உறிஞ்சியோடு இணைத்திருந்தால் அதற்கான அறையில் மெல்லக் குமிழியிடுவது இயல்பு. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் படம் போட்டே காட்ட வேண்டும். சொல்லால் மட்டும் முடியாது.

தண்ணீருக்குள் குழாய் நுனியை மூழ்க வைத்து, காற்று வெளியே போகலாம், திரும்பி வரக்கூடாது என்று செய்யும் ஏற்பாட்டுக்கு நீரடைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் 1891-ல் இம்முறையை விவரித்து எழுதினார். ஜெர்மானியர் இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நமக்கு ஆள்பெயர் வேண்டாம், வேலையைச் சொல்லும் பெயரே உதவும். குழாயின் பருமனைக் குறிக்கும் ‘பிரெஞ்சு’ அளவை மட்டும் அப்படியே விடலாம் (24 பிரெஞ்சு என்றால் 8 மில்லிமீட்டர் வெளிவிட்டம்).

‘கூன்’ என்ற சொல் வரைவில் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பள்ளியில் அந்தப் பிள்ளையைக் கேலி செய்த சொல்லாக அது இருந்திருக்கும்.

வலியைப் பூசி மெழுகாதீர்கள். ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் இருமினாலும் குழாய் இருக்கும் இடம் குத்தும். சிலருக்குத் தோள்பட்டையும் வலிக்கும். அதற்காக மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி தேங்கும். வலிமருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூச்சுப்பயிற்சி செய்ய வேண்டும். வடிவது முதலில் சிவப்பாக இருந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, வெளிர்மஞ்சளாகும். பெட்டி எப்போதும் விலாவுக்குக் கீழேயே இருக்கட்டும். எழுந்து நடக்கும்போதும் அப்படித்தான். வடிவது குறைந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருப்பது தெரிந்ததும், பெரும்பாலும் சில நாட்களில், எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். சில விநாடி சுரீரென்று இருக்கும், உடனே காற்றுப்புகாத கட்டுப் போடுவார்கள். குழாய் தானாகக் கழன்றுவிட்டால் துளையைக் கையால் அழுத்திப் பிடித்துச் செவிலியரைக் கூப்பிட வேண்டும். இந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது, குழாயை நெருக்கி மூடும் ‘கிளாம்ப்’ மட்டும்தான். ‘இடுக்கி’ என்றால் அடுப்படி நினைவு வருகிறது, ‘கவ்வி’ என்றால் துணி உலர்த்தும் கொடி. பெற்றவர்கள் அதைத் தாங்களாகப் போடக்கூடாது என்று எச்சரிக்க வேண்டியிருப்பதால் பார்த்தவுடன் புரிகிற சொல்லாக வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்