ஏர் ஹோஸில் சொருகும் 'டர்போ ஃபேன்' மைலேஜைக் கூட்டுமா?

வேலூர்_வண்டி:

வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், 2017 மாடல், டர்போ இல்லை, 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு 12, ஹைவேயில் 15 தருகிறது. ஏர் ஹோஸுக்குள் சொருகும் அலுமினிய விசிறி ஒன்று ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வருகிறது. இறக்கை சுற்றாது, காற்றைச் சுழலவிட்டு உள்ளே அனுப்புமாம். மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்று போட்டிருக்கிறார்கள். 12 வோல்ட்டில் ஓடும் எலெக்ட்ரிக் ஃபேன் 2,500 ரூபாய். ஆக்சசரி கடையில் கேட்டால், இரண்டையும் விடுங்கள், கோன் ஃபில்டர் (கம்பெனி ஃபில்டர் பாக்ஸுக்குப் பதில் மாட்டும் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர்) போடுங்கள் என்கிறார்கள். மூன்றில் எதற்காவது உண்மையிலேயே பலன் உண்டா? என்ஜினுக்குக் கேடு வருமா? நாமே அளந்து பார்க்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

த்ராட்டில்_பாடி:

மூன்றும் வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் இதே சரக்கு நாளை வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெட்ரோல் என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் கால். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் காற்று வழியை அடைத்து நிற்கும் த்ராட்டில் பிளேட் கொஞ்சம் திறக்கும், அதைத் தாண்டி மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயில்) அழுத்தம் இறங்கியிருக்கும். வெளியே காற்றழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் 30-40தான். சமதரையில் 70-80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது 40-60. ஆக, த்ராட்டில் மட்டுமே 40-60 கிலோபாஸ்கலைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் சுத்தமான பேப்பர் ஃபில்டரின் தடுப்பு ஒரு கிலோபாஸ்கல்கூட வராது. அதை முழுக்க நீக்கினாலும் அதே வேகத்துக்கு அதே அளவு காற்றுதான் வேண்டும். த்ராட்டில் ஒரு மயிரிழை குறைவாகத் திறக்கும், அவ்வளவுதான். தெருக்கதவை அகலப்படுத்திவிட்டு அறைக்கதவைச் சாத்தியே வைத்திருப்பது போன்ற வேலை.

சரி, காற்று கூடுதலாகவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத்தான் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல். காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூடும். எரிவது முழுமையாகாததால் பெட்ரோல் வீணாகிறது என்று விளம்பரம் சொல்லும். நல்ல நிலையில் உள்ள என்ஜினில் எரியாமல் வெளியேறுவது மிகச் சிறிய பங்கு. அங்கே போய் 20 சதவீதத்தைத் தேட இடமே இல்லை.

சுழற்சி விஷயத்துக்கு வருகிறேன். சுழற்சி தேவைதான், ஆனால் சிலிண்டருக்குள். அதை இன்டேக் போர்ட்டின் வடிவமே உண்டாக்குகிறது. ஹோஸில் உண்டாக்கும் சுழல் த்ராட்டில் பிளேட்டில் மோதி, மேனிஃபோல்டில் பிரிந்து, வால்வு இடுக்கில் நுழைவதற்குள் காணாமல் போய்விடும். மிஞ்சுவது விசிறியின் தடை மட்டும்.

இது புது விவாதமும் அல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) நூற்றுக்கும் மேற்பட்ட 'பெட்ரோல் சேமிப்பு' கருவிகளைப் பரிசீலித்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய கருவி எதுவும் அதில் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துச் சோதித்தது. ஈசியு உள்ள பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை, பிக்கப் மட்டும் குறைந்தது. கார்புரேட்டர் வண்டியில்தான் மைலேஜும் இறங்கியது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், நல்ல ஃபில்டருக்குப் பதில் இன்னும் 'ஃப்ரீ'யான ஃபில்டர் போட்டு எதைக் கூட்ட முடியும்?

ஆம்பியர்_கணக்கு:

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மட்டும் கணக்கு. 1.2 லிட்டர் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்றை இழுக்கும், நொடிக்கு ஏறத்தாழ 70 கிராம். அதை வெளிக்காற்றைவிட வெறும் 0.3 பார் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்ற, கம்ப்ரஸரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், 2.8 கிலோவாட் வேண்டும். 14 வோல்ட்டில் 200 ஆம்பியர். சின்ன காரின் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுற்றும் மின் ஜெனரேட்டர்) 100 ஆம்பியருக்குள்தான் தரும். 2,500 ரூபாய் ஃபேனின் வயர் தடிமனைப் பாருங்கள், அது சில ஆம்பியருக்கான வயர். முழு மிதியில் அந்த ஃபேன் என்ஜின் இழுக்கும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் தடைதான். அது தின்னும் கரண்டும் ஆல்டர்னேட்டர் வழியாக உங்கள் பெட்ரோலில் இருந்தே வருகிறது.

ஸ்பேனர்_14:

கேடு வருமா என்று கேட்டீர்கள். வரும்.

முதலில் அலுமினிய விசிறி. தகடு மெல்லியது. என்ஜின் அதிர்வில் இறக்கையின் மடிப்பில் கீறல் விழும், ஒருநாள் துண்டு கழன்று போகும். ஃபில்டருக்குப் பிறகு மாட்டுவதால் நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. த்ராட்டிலில் சிக்கினால் பிளேட் மூடாது, தாண்டினால் வால்வுக்குப் போகும். டர்போ வண்டி என்றால் கம்ப்ரஸர் வீல் காலி.

இரண்டாவது, ஃபில்டர் பாக்ஸை ஒட்டி ஹோஸில் 4-5 வயர் சாக்கெட்டோடு சென்சார் இருந்தால் அது மாஃப், காற்றின் அளவை நேரடியாக அளப்பது. அதில் காற்று நேராக வர வேண்டும் என்றுதான் பல வண்டிகளில் முன்னால் தேன்கூடு வலையே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் சுழலை உண்டாக்கினால் அளவு தப்பும், ஐடில் ஆடும். சென்சார் மேனிஃபோல்டிலேயே இருந்தால் அது அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கோன் ஃபில்டரில் இரண்டு பிரச்சினை. கம்பெனி பாக்ஸ் முன் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். கோன் பானட்டுக்குள் இருக்கும் அனல்காற்றை எடுக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் போச்சு. டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது இழுவை குறையும், மைலேஜும் குறையும். அடுத்தது எண்ணெய். கோன் ஃபில்டர் எண்ணெய் தடவும் காட்டன் வகை என்றால், அதைக் கழுவிவிட்டு எண்ணெய் அதிகம் அடித்தால் அது மாஃப் கம்பியில் படியும். கம்பி காற்றைக் குறைவாகக் காட்டும், கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), பி0171 என்ற பிழைக் குறியீடு வந்து செக் என்ஜின் லைட் எரியும்.

அப்படி ஆகிவிட்டவர்களுக்கு: இக்னிஷன் ஆஃப், என்ஜின் ஆறட்டும். சாக்கெட்டைக் கழற்றி இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் சென்சார் கையோடு வரும். மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் 10-15 முறை விட்டுவிட்டு அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்னும். பஞ்சு, பிரஷ், ஏர் கம்ப்ரஸர் எதுவும் கம்பியைத் தொடக்கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டி, பிழைக் குறியீட்டை அழியுங்கள்.

த்ராட்டில்_பாடி:

ஸ்பேனர் அண்ணா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். சூடான காற்றால் இழுவை குறையும், அது சரி. சீரான வேகத்தில் மைலேஜ் குறையும் என்பது அப்படியே சரியல்ல. காற்று லேசாக இருந்தால் அதே வேகத்துக்கு த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், என்ஜின் காற்றை உறிஞ்சச் செலவிடும் ஆற்றல் கொஞ்சம் குறையவும் செய்யும். ஆனால் இழுவை போதாமல் ஓட்டுநர் அழுத்தி மிதிப்பதும், நாக்கிங் (பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடிப்பது) வராமலிருக்க ஈசியு தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பதும் அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும். கோன் ஃபில்டருக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். முழு மிதியில், உயர் ஆர்பிஎம்மில், குளிர்ந்த காற்று வர வழியும் செய்திருந்தால் சிறிதளவு பவர் கூடலாம். அது ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு. மைலேஜுக்கு அல்ல.

வேலூர்_வண்டி:

தெளிவாகப் புரிந்தது, எல்லோருக்கும் நன்றி. கடையில் மாட்டியவர்கள் மைலேஜ் ஏறிவிட்டதாக அடித்துச் சொல்கிறார்களே, அது எப்படி? என் வண்டியில் 12, 15 என்பது குறைவுதானா, குறைவு என்றால் எங்கே தேடுவது?

டேங்க்_டு_டேங்க்:

புதிதாக ஒன்றை மாட்டியவர் சில நாள் மைலேஜைப் பார்த்துப் பார்த்து மென்மையாக ஓட்டுவார். அதுவே லிட்டருக்கு ஒன்றிரண்டு கி.மீ. கூட்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரியும் கணக்கிட்ட எண்தானே தவிர அளந்த எண் அல்ல.

அளப்பது இப்படி. ஒரே பங்க், ஒரே நாசில், காலை நேரம். முதல் ஆட்டோ கட்-ஆஃபில் நிறுத்திவிடுங்கள், மேலே டாப்-அப் வேண்டாம். கட்-ஆஃப் அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்பின் ஆகும். 35 லிட்டர் டேங்க்கில் ஒரு லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 சதவீதப் பிழை. அதனால் மூன்று டேங்க்கைச் சேர்த்து, மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுங்கள், பிழை ஒரு சதவீதத்துக்கு வந்துவிடும். கருவி இல்லாமல் மூன்று, கருவியோடு மூன்று, கழற்றிவிட்டு மறுபடி மூன்று. கடைசி மூன்றைத்தான் யாரும் செய்வதில்லை. கழற்றிய பிறகும் மைலேஜ் இறங்கவில்லை என்றால் கூடியதற்குக் காரணம் கருவி அல்ல. டயர் காற்றும் ஏசி பயன்பாடும் ஒன்பது டேங்க்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஸ்பேனர்_14:

ஊருக்குள் 12 என்பது நெரிசலும் ஏசியும் இருந்தால் வரக்கூடியதுதான். ஹைவேயில் 15தான் எனக்கு இடிக்கிறது. 80ல் போகிறீர்களா 110ல் போகிறீர்களா என்று முதலில் பாருங்கள். 80க்கும் 100க்கும் இடையிலேயே காற்று எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலைவிட 6-7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. இதை எந்த விசிறியும் திருப்பித் தராது.

அந்த 600 ரூபாயில் ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (ஈசியு எண்களை மொபைலில் காட்டும் சின்னக் கருவி) வாங்குங்கள். மூன்று எண்ணைப் பாருங்கள். கூலன்ட் சூடு ஹைவேயில் 85-95 டிகிரி இருக்க வேண்டும். 70லேயே நின்றால் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது ஹீட் ஆகிறது என்று யாரோ கழற்றியே போட்டுவிட்டார்கள். நம்ம ஊரில் இது சாதாரணமாக நடக்கும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம், அதாவது ஈசியு வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது. இ20ல் பிளஸ் 4, 5 காட்டினால் பயம் வேண்டாம். பிளஸ் 10ஐத் தாண்டினால் ஹோஸ் கிளாம்ப், வேக்குவம் பைப்பில் லீக் தேடுங்கள். மைனஸ் 10க்குக் கீழே போனால் இன்ஜெக்டர் லீக்கோ பர்ஜ் வால்வோ (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் வால்வு). மூன்றாவது, உள்ளே வரும் காற்றின் சூடு. ஓடும்போது வெளிச்சூட்டைவிட ரொம்ப அதிகம் என்றால் ஃபில்டர் பாக்ஸின் முன் குழாய் கழன்றிருக்கும்.

கடைசியாக வீல். பிரேக் அதிகம் பிடிக்காமல் 10 கி.மீ. ஓட்டி நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் முன் டிஸ்க் இரண்டையும் பாருங்கள். ஒன்று மற்றதைவிட 30 டிகிரி கூடுதல் என்றால் அந்தப் பக்கம் காலிபர் பின் இறுகியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். ஏர் ஃபில்டர் கம்பெனி பேப்பர் ஃபில்டரே இருக்கட்டும், சில நூறு ரூபாய்தான். புழுதி ரோடு அதிகம் என்றால் மேனுவலில் சொன்ன கி.மீ.யில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். டாங்கிள் காட்டும் எண்களை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.